‘சார்ஜ்’ என்ற ஒரு சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு கல்லடியில் பின்னேரங்களில் பேச்சு ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். ஓ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், பாசிக்குடா ஹோட்டல்களில் வேலைக்குப் போக இருக்கும் தம்பிமார், ஆட்டோ ஓடும் அண்ணன்மார், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று வரும் அம்மாக்கள் என்று பலரும் வருகிறார்கள். கஷ்டமான சொல்லில் யாரும் மாட்டுப்படுவதில்லை, ஏனென்றால் அதைப் பாவிக்கவே மாட்டார்கள். நாளுக்குப் பத்துத் தடவை வாயில் வரும் சொல்லில்தான் சிக்கல் வருகிறது, அதில் முதலாவது ‘சார்ஜ்’. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

போனுக்கு ஏற்றுவதும் சார்ஜ், கடைக்காரர் எடுக்கும் காசும் சார்ஜ், பொலிஸ் போடுவதும் சார்ஜ். இது ஒரே சொல்லா, இல்லை ஒரே மாதிரி ஒலிக்கும் வேறு வேறு சொற்களா?

ஒரே சொல். இதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது, அதனால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

லத்தீன் மொழியில் ‘கர்ருஸ்’ என்றால் வண்டி. வண்டியில் சுமை ஏற்றுவதற்கு அதிலிருந்து பிறந்த சொல் ‘கர்ரிக்காரே’. அது பழைய பிரெஞ்சு மொழிக்குள் போய்த் தேய்ந்து, பிறகு இங்கிலாந்துக்குப் போய் ‘சார்ஜ்’ ஆனது. ஆக, அடிப்படைப் பொருள் ஒன்றே ஒன்று: சுமை, அல்லது சுமை ஏற்றுதல். கார், கப்பல் சரக்கைச் சொல்லும் கார்கோ, தூக்கிச் செல்வதைச் சொல்லும் கேரி எல்லாம் இதே குடும்பம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த உறவு நம் ஊரிலேயே இருக்கிறது. மாட்டு வண்டியை நம் பெரியவர்கள் கரத்தை என்பார்கள் அல்லவா, அது போர்த்துக்கீசரின் ‘கரேத்தா’விலிருந்து வந்த சொல். புளியந்தீவில் நிற்கும் கோட்டையை அவர்கள் கட்டியது 1628இல், பத்தே வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள், ஆனால் சொல் தங்கிவிட்டது. அந்தக் கரேத்தாவும் லத்தீன் கர்ருஸின் பிள்ளைதான். படுவான்கரையில் நெல் மூட்டை ஏற்றிய கரத்தையும் உங்கள் கையில் இருக்கும் போனின் சார்ஜும் ஒரே வேரில் வந்தவை.

சரி, இப்போது தமிழைப் பாருங்கள். போனில் சார்ஜ் ‘ஏறுது’, ‘இறங்குது’ என்கிறோம், லொறியில் மூட்டை ஏறி இறங்குவதைப் போலவே. ஒருவர் மேல் குற்றம் ‘சுமத்துகிறோம்’. வரியையும் ‘சுமத்துகிறோம்’. பொறுப்பு என்ற சொல்லே ‘பொறு’ என்பதிலிருந்து வந்தது, தாங்கு, சும என்று பொருள். ஆங்கிலேயன் ஒரு சொல்லில் அடக்கியதைத் தமிழ் மூன்று நான்கு சொல்லில் சொல்கிறது, ஆனால் உள்ளே இருக்கும் எண்ணம் அதே சுமைதான். அதனால்தான் பத்துப் பொருளைப் பாடமாக்க வேண்டாம் என்று வகுப்பில் சொல்கிறேன். யாருக்கு அல்லது எதற்கு என்ன சுமை ஏறுகிறது என்று மட்டும் கேளுங்கள்.

போனில் சார்ஜ் இல்லை என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

“மனே, போன்ல சார்ஜ் இல்ல” என்பதை அப்படியே மாற்றி, “மை போன் இஸ் நோ சார்ஜ்” என்று பலர் சொல்கிறார்கள். அது பிழை. “மை போன் ஹாஸ் நோ சார்ஜ்” என்றால் சரி. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் அதிகம் சொல்வது “மை பற்றரி இஸ் லோ”, முழுக்கப் போய்விட்டால் “மை போன் இஸ் டெட்”. சார்ஜில் போட வேண்டும் என்றால் “ஐ நீட் டு சார்ஜ் மை போன்”. ஏறிக்கொண்டிருக்கிறது என்றால் “இட் இஸ் சார்ஜிங்”, அவ்வளவுதான்.

இந்தியாவில் ‘ரீசார்ஜ்’ என்கிறார்கள், நாம் ‘ரீலோட்’ என்கிறோம். எது சரி?

இரண்டும் சரி. லோட் என்றால் சுமை என்று உங்களுக்குத் தெரியும், சார்ஜ் என்றாலும் சுமைதான் என்று மேலே பார்த்தோம். ஆக ரீலோட், ரீசார்ஜ் இரண்டுக்குமே ‘மறுபடி ஏற்றுதல்’ என்பதுதான் நேர்ப்பொருள். சென்னைக்குப் போய்க் கடையில் ரீலோட் கேட்டால் ஒரு கணம் விழிப்பார்கள், இங்கே வந்து அவர்கள் ரீசார்ஜ் கேட்டாலும் நாம் புரிந்துகொள்வோம். இங்கிலாந்தில் இதற்கு ‘டொப் அப்’ என்பார்கள், வெளிநாடு போகிறவர்கள் அதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

விஞ்ஞானப் புத்தகத்தில் ‘ஏற்றம்’ என்று இருப்பதும் இதுவா?

இதுவேதான். நம் பாடப்புத்தகங்களில் மின்னேற்றம், நேரேற்றம், மறையேற்றம் என்று வருகிறது. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் மின்னூட்டம் என்று பார்ப்பீர்கள், நெகற்றிவ்வை அவர்கள் எதிர் என்பார்கள், நாம் மறை என்போம். எனக்கு நம்முடைய ‘ஏற்றம்’தான் பிடிக்கும், மூலச்சொல்லின் பொருளை அப்படியே பிடித்திருக்கிறது. இதை மொழிபெயர்த்தவர் வண்டியை நினைத்துத்தான் செய்தாரா என்று தெரியாது, செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அருமையான சொல்.

மின்சாரத்துக்கு எப்படி இந்தச் சொல் வந்தது என்றால், துவக்குக்குள் மருந்து திணிப்பதை ஆங்கிலத்தில் சார்ஜ் என்றார்கள். 1740களில் பெஞ்சமின் பிராங்கிளின் போன்றவர்கள் கண்ணாடிப் போத்தலுக்குள் மின்சாரத்தைச் சேர்த்துப் பரிசோதனை செய்தபோது, போத்தலை நிரப்புவதற்கும் அதே சொல்லைப் பாவித்தார்கள். பாறை உடைக்க வைக்கும் வெடிமருந்தின் ஒரு அளவையும் இன்றைக்கும் சார்ஜ் என்றுதான் சொல்கிறார்கள்.

‘பஸ் சார்ஜ்’ என்று சொல்லலாமா? சார்ஜ், ஃபீ, ஃபெயர், ப்ரைஸ், ஃபைன் இதெல்லாம் காசுதானே?

காசுதான், ஆனால் வேறு வேறு காசு. நாம் எல்லாவற்றுக்கும் ‘காசு’ என்ற ஒரு சொல்லை வைத்துச் சமாளிக்கிறோம். பஸ் காசு, கிளாஸ் காசு, டொக்டர் காசு, கரண்ட் காசு. ஆங்கிலத்தில் இவை பிரிந்து நிற்கும்.

பயணத்துக்குக் கொடுப்பது ஃபெயர். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு பஸ்ஸில் போகக் கொடுப்பது பஸ் ஃபெயர். இங்கே பஸ் சார்ஜ் என்று சொன்னால் எல்லாருக்கும் விளங்கும், ஆனால் வெளிநாட்டவரிடம் பேசும்போதும் பரீட்சையில் எழுதும்போதும் ஃபெயர் என்று எழுதுங்கள். டொக்டர், சட்டத்தரணி, டியூஷன் வகுப்பு, பரீட்சை விண்ணப்பம் இவற்றுக்குக் கொடுப்பது ஃபீ. கடையில் இருக்கும் பொருளின் விலை ப்ரைஸ், இறால் கிலோ என்ன விலை என்று கேட்டால் அது ப்ரைஸ்தான், சார்ஜ் அல்ல. ஹெல்மட் போடாமல் போய்ப் பிடிபட்டுக் கட்டும் தண்டப்பணம் ஃபைன்.

அப்போ சார்ஜ் எங்கே வரும்? ஒருவர் செய்துதரும் வேலைக்கு அல்லது சேவைக்கு நம்மேல் ஏற்றும் தொகை. கரண்ட் பில்லை எடுத்துப் பாருங்கள், பாவித்த அலகுகளுக்கு ஒரு தொகையும் அதற்கு மேல் நிலையான கட்டணம் என்று ஒரு தொகையும் இருக்கும். ஒரு லைட் கூடப் போடாவிட்டாலும் அந்த நிலையான கட்டணம் வரும், அதுதான் ஃபிக்ஸ்ட் சார்ஜ். டெலிவரி சார்ஜ், வங்கி வெட்டும் சார்ஜ், ஹோட்டல் பில்லின் அடியில் பத்து வீதம் என்று வரும் சேர்விஸ் சார்ஜ் எல்லாம் இந்த வகை.

ஆட்டோவுக்கு இரண்டும் வரும். அறுகம்பைக்கு அலைச்சறுக்குக்கு வருபவர்கள் “ஹவ் மச் டூ யூ சார்ஜ்?” என்று கேட்பார்கள், நீங்கள் எவ்வளவு எடுப்பீர்கள் என்று. “வட் இஸ் த ஃபெயர்?” என்றும் கேட்கலாம். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். ஆட்டோ அண்ணன்மாருக்கு ஒரு விஷயம்: ‘ஓவர்சார்ஜ்’ என்று ஒருவர் சொன்னால் பற்றரியைப் பற்றி அல்ல, கூடக் காசு எடுத்தீர்கள் என்கிறார். உடனே கோபப்படாமல் தூரத்தையும் தொகையையும் விளக்கிச் சொல்லுங்கள்.

“சார்ஜ்ட் ஃப்ரம் மீ” என்று எழுதினேன், டீச்சர் வெட்டிவிட்டார். ஏன்?

தமிழில் “என்னிடம் 500 ரூபா எடுத்தார்” என்று நினைத்து எழுதியதால் அந்த ‘ஃப்ரம்’ உள்ளே வந்துவிட்டது. ஆங்கிலத்தில் “ஹி சார்ஜ்ட் மீ ஃபைவ் ஹண்ட்ரட் ரூபீஸ்”. சார்ஜ்டுக்கு அடுத்து நேராக ‘மீ’, இடையில் எதுவும் வராது.

இங்கேயும் கரத்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சார்ஜ் என்ற வினைக்குப் பக்கத்தில் பெரும்பாலும் வண்டி வந்து நிற்கும், சுமை அதற்குப் பின்னால் வரும். போனை சார்ஜ் செய்தால் போன்தான் வண்டி. என்னிடம் காசு எடுத்தால் நான்தான் வண்டி, 500 ரூபா சுமை. ஒருவர் மேல் களவுக் குற்றம் சுமத்தினால் அவர்தான் வண்டி, களவு சுமை, அதற்கு முன்னால் ‘வித்’ போட வேண்டும். எந்த வேலைக்கு அந்தக் காசு என்று சொல்ல ‘ஃபோர்’ வரும், “ஃபோர் த ரிப்பெயர்” மாதிரி. யாரிடம் என்று சொல்லத் தேவையில்லாத இடத்தில் சுமையே நேராக வந்துவிடும், “தே சார்ஜ் ஃபைவ் ஹண்ட்ரட் ரூபீஸ்” என்பது போல. இவ்வளவு தெரிந்தால் இந்தச் சொல்லின் இலக்கணம் கையில் வந்துவிட்டது.

ஹோட்டலில் விருந்தாளி “சார்ஜ் இட் டு மை ரூம்” என்றார். என்ன செய்ய வேண்டும்?

இதைக் கேட்ட தம்பி பாசிக்குடாப் பக்கம் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் நாள். விருந்தாளி போனைத்தான் அறையில் சார்ஜ் போடச் சொல்கிறார் என்று நினைத்து, மேசையில் போனைத் தேடியிருக்கிறார். அவரில் பிழையே இல்லை, அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விருந்தாளி சொன்னது இந்தச் சாப்பாட்டுக் காசை என் அறைக் கணக்கில் ஏற்றிவிடுங்கள், போகும்போது மொத்தமாகக் கட்டுகிறேன் என்பது. “சேர்ட்டன்லி சேர், மே ஐ ஹாவ் யுவர் ரூம் நம்பர்?” என்று கேட்டு, பில்லில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும்.

பத்திரிகையில் ஒருவர் ‘சார்ஜ்ட்’ என்று போட்டிருந்தால் அவர் குற்றவாளி என்று அர்த்தமா?

இல்லை. இந்த ஒரு கேள்விக்காகவே இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன். ஆங்கிலத் தலைப்பைப் பார்த்துவிட்டு “அவன் குற்றவாளியாம், பேப்பரில் வந்திருக்கு” என்று ஊரெல்லாம் சொல்லி, ஒரு குடும்பம் தெருவில் தலைகாட்ட முடியாமல் போனதை நான் கண்டிருக்கிறேன். பிறகு அந்த வழக்கில் அவர் விடுதலையானார். விடுதலையான செய்தியை யாரும் வீடு வீடாகப் போய்ச் சொல்லவில்லை.

அரெஸ்ட் என்றால் கைது. அந்த நேரத்தில் அவர் சந்தேகநபர் மட்டுமே. சாதாரண சட்டப்படி, பிடியாணை இல்லாமல் கைதுசெய்யப்பட்டவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். சார்ஜ்ட் என்றால் இன்ன குற்றம் செய்தீர் என்று முறைப்படி சுமத்தப்பட்டிருக்கிறது, நீதிமன்றத்தில் அதை வாசித்துக்காட்டிக் குற்றவாளியா சுற்றவாளியா (குற்றமற்றவரா) என்று கேட்பார்கள். இந்தக் கட்டத்தில் நம் நீதிமன்றத் தமிழில் அவரை எதிரி என்பார்கள், பயப்படும்படியான சொல்லாகக் கேட்டாலும் குற்றம் சாட்டப்பட்டவர் என்பதுதான் பொருள். வழக்கு விளங்கி முடிந்து குற்றம் நிரூபிக்கப்பட்டால்தான் ‘கன்விக்டட்’, அப்போதுதான் குற்றவாளி. நிரூபிக்கப்படும் வரை ஒருவர் சுற்றவாளியாகவே கருதப்பட வேண்டும் என்பது 1978 அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது. சுமை ஏற்றப்பட்டிருக்கிறது, அந்தச் சுமை அவருடையதுதானா என்று இன்னும் பார்க்கவில்லை, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள்.

சுமத்துவதற்கு அக்யூஸ் என்றும் சொல்லலாம், அது யாரும் யாரையும் செய்யலாம், பக்கத்து வீட்டுக்காரர் கூடச் செய்யலாம். அதற்கு ‘ஒஃப்’ வரும், சார்ஜுக்கு ‘வித்’ வரும்.

‘விதவுட் சார்ஜ்’ என்றால் இலவசம்தானே?

எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் வைத்தியம் ‘விதவுட் சார்ஜ்’ அல்லது ‘ஃப்ரீ ஒஃப் சார்ஜ்’ என்றால் காசு இல்லை, இலவசம். ஆனால் ஒருவர் ‘ஹெல்ட் விதவுட் சார்ஜ்’ என்று செய்தியில் வந்தால், குற்றம் எதுவும் சுமத்தாமலே தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். நம் மாகாணத்தில் இந்தத் தொடரை அறியாத ஊர் குறைவு. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அப்படி 18 மாதம் வரை தடுத்துவைக்க ஆணை போட முடிந்தது, 2022இல் செய்த திருத்தத்தில் அது 12 மாதமாகக் குறைந்தது. மகனுக்காக, கணவனுக்காக ஆங்கிலக் கடிதங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு அலைந்த அம்மாக்கள் இந்த இரண்டு சொல்லின் பொருளை நன்றாக அறிவார்கள். அப்படியான கடிதங்களை வாசித்துச் சொல்லும் பிள்ளைகள் ‘இலவசம்’ என்று பிழையாகச் சொல்லிவிடக் கூடாது, அதனால்தான் தனியாக எழுதுகிறேன்.

‘இன் சார்ஜ் ஒஃப்’, ‘இன் த சார்ஜ் ஒஃப்’ இரண்டும் ஒன்றா?

நடுவில் வரும் சின்ன ‘த’ ஆளைத் தலைகீழாக்கிவிடும். “த நேர்ஸ் இஸ் இன் சார்ஜ் ஒஃப் த வோர்ட்” என்றால் வார்டுக்குத் தாதி பொறுப்பு. “த சைல்ட் இஸ் இன் த சார்ஜ் ஒஃப் த நேர்ஸ்” என்றால் பிள்ளை தாதியின் பொறுப்பில் இருக்கிறது. முதலாவதில் சுமப்பவர் முன்னால், இரண்டாவதில் சுமக்கப்படுபவர் முன்னால். பொலிஸ் நிலையத்தில் ஓ.ஐ.சி. என்கிறோமே, அது ஒஃபிஸர் இன் சார்ஜ், பொறுப்பதிகாரி. தூதுவர் இல்லாத நேரம் தூதரகத்தைப் பார்ப்பவரைச் செய்திகளில் ‘சார்ஜே டஃபேர்’ என்பார்கள், அது பிரெஞ்சுத் தொடர், அலுவல்கள் ஏற்றப்பட்டவர் என்று பொருள்.

யானை ‘சார்ஜ்’ பண்ணியது என்கிறார்களே, யானைக்கு யார் சுமை ஏற்றினார்?

வவுணதீவிலிருந்து வரும் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி இது. இங்கே மட்டும் பொருள் கொஞ்சம் தள்ளிப் போகிறது. ஈட்டியைத் தாக்குவதற்குத் தயாராக நீட்டிப் பிடிப்பதையும், துவக்குக்கு மருந்து போட்டு ஆயத்தமாவதையும் சார்ஜ் என்ற பழக்கத்தில், அப்படி ஆயத்தமாகி எதிரியின் மேல் பாய்ந்து வருவதற்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. “தி எலிஃபண்ட் சார்ஜ்ட் அட் அஸ்” என்றால் யானை எங்களை நோக்கிப் பாய்ந்து வந்தது. ‘அட்’ இல்லாமல் ‘சார்ஜ்ட் அஸ்’ என்றும் எழுதுவார்கள், ஆனால் படிக்கும் பிள்ளைகளுக்கு ‘அட்’ போடுவதே பாதுகாப்பு, காசு எடுத்தது என்ற குழப்பம் வராது.

‘மொக் சார்ஜ்’ என்றும் வாசிப்பீர்கள். காதை விரித்துக்கொண்டு, சத்தம் போட்டு, கொஞ்சத் தூரம் ஓடிவந்து நின்றுவிடும் பொய்ப் பாய்ச்சல், பயமுறுத்துவதற்கு. வயல் காவலுக்குப் போகிறவர்கள் எது பொய் எது மெய் என்று நின்று சோதிக்க வேண்டாம்.

‘டிஸ்சார்ஜ்’?

சுமையை இறக்குதல். நோயாளியை வீட்டுக்கு விடுவது டிஸ்சார்ஜ், ஆஸ்பத்திரி தன் பொறுப்பை இறக்கி வைக்கிறது. புண்ணிலிருந்து சீழ் வடிவதும் டிஸ்சார்ஜ், டொக்டர் “எனி டிஸ்சார்ஜ்?” என்று கேட்டால் வீட்டுக்குப் போகிறீர்களா என்று கேட்கவில்லை, ஏதாவது வடிகிறதா என்கிறார். மாரியில் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறந்து நீர் வெளியேறும் அளவும் டிஸ்சார்ஜ்தான். பற்றரி இறங்குவதும் அதுதான்.

எப்படி உச்சரிப்பது?

தமிழில் ‘சார்ஜ்’ என்று எழுதினால் முதலில் வரும் ச-வைப் பலர் ‘ஸ’ என்று வாசித்து ‘ஸார்ஜ்’ ஆக்கிவிடுகிறார்கள். ‘அச்சு’ என்று சொல்லும்போது வரும் அழுத்தமான ச்ச-வைக் கொண்டுவாருங்கள். கடைசி ‘ஜ்’ஜை ‘ச்’ ஆக்காதீர்கள். பிரித்தானிய உச்சரிப்பில் நடுவில் உள்ள ‘ர்’ கேட்காது, ஆ மட்டும் நீளும். ‘சார்ஜ்ட்’ ஒரே மூச்சில் ஒரே அசை, ‘சார்ஜெட்’ அல்ல, ஆனால் ‘சார்ஜஸ்’ இரண்டு அசை. “அச்சு, அச்சு, ச்சாஜ்” என்று பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள், வகுப்பில் எல்லாருக்கும் இரண்டு நாளில் வந்துவிடுகிறது.